நீலமாகவே நின்ற சீசா

துருவிக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அண்ணன். சின்ன வயதிலேயே வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் பரப்பிப் போட்டுக்கொண்டு, "இதுல எதும்மா மணி பாக்குது?" என்று அம்மாவை விடாமல் துருவியெடுத்தவள். அம்மா விட்ட அறையைக் கூட வாங்கிக்கொண்டு, "சொல்லிட்டு அடிம்மா" என்றாளாம். கல்யாணமான பிறகு, பேருந்து ஓட்டுநரான கணவரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார். "எங்க வீட்ல ரெண்டு துருவி. அடுப்படியில இருக்குறது கேரட்ட மட்டுந்தான் துருவும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அவளுக்கு வேலை காதுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில். வியர்வை இறங்கி ஊமையாகிப்போன கருவிகள்தான் அங்கே அதிகம் வரும். அவற்றைத் துடைத்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய நீல மணிகள் நிறைந்த ஒரு ஜாடியில் போட்டு மூடிவைப்பாள். மணிகள் ஈரத்தைக் குடிக்கும். குடித்துக் குடித்து ரோஜா நிறமாகிவிடும். அப்போது முதலாளி, "மணி பழுத்துடுச்சு பாரு, வறுத்து எடு" என்பார். சின்ன மின்னடுப்பில் வறுத்தால் மறுபடியும் நீலமாகிவிடும். வருடக்கணக்காக அதைச் செய்துகொண்டிருந்தவளுக்கு ஒரு மத்தியானம் திடீரென்று உறைத்தது: தண்ணீருக்கு நிறமில்லை, அந்த மணிக்கும் சொந்தமாக நிறமில்லை, அப்படியென்றால் இந்த நீலம் யாருடையது?

"கலர் போட்டிருப்பான்" என்றார் முதலாளி.

"போட்ட கலர் எதுக்கு சார் மாறணும்?"

"மாறுற கலராப் பாத்துப் போட்டிருப்பான். நீ அந்தக் கருவியை முடி, ஆள் வந்து உக்காந்திருக்காரு."

அன்று தொடங்கியது. கோபால்ட் என்று ஓர் உலோகம் இருப்பதும், மணிகளில் ஏற்றியிருந்தது அதன் குளோரைடு உப்பு என்பதும், அது தண்ணீரோடு சேர்ந்தால் ரோஜா, தண்ணீரைத் துறந்தால் நீலம் என்பதும் படிக்கப் படிக்கத் தெரிந்தது. படித்தால் மட்டும் அடங்குகிற ஆளா அவள்? மண்பாண்டத்துக்கு மெருகு பூசுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடையைத் தேடிப் பிடித்து, கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டலம் பொடி வாங்கிவந்தாள். கோபால்ட் கார்பனேட். கடைக்காரர், "ஜாடி செய்றீங்களா, தட்டு செய்றீங்களா?" என்று கேட்டார். "கரைக்கப் போறேன்" என்றாள். அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு, "வாயில கீயில பட்டுடாம" என்று மட்டும் சொன்னார்.

அந்த விஷயத்தில் அவள் கறார். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, இதற்கென்றே தனியாகக் கண்ணாடிக் கிண்ணங்கள். அடுப்படிப் பக்கமே எதையும் கொண்டுபோவதில்லை. பால்கனியில் பழைய தகரத் தட்டைப் போட்டு, அதன் மேல் கிண்ணத்தை வைத்து, கழிவறை கழுவுகிற ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பொடி, குலுக்கித் திறந்த சோடா மாதிரி நுரைத்துச் சீறியது. நுரை அடங்கும்வரை இன்னும் பொடி, இன்னும் பொடி. கடைசியில் காப்பி வடிகட்டுகிற தாளில் வடித்தபோது கீழே இறங்கியது கண்ணைப் பறிக்கிற ரோஜாச் சிவப்பு.

"ஜூஸ் மாதிரி இருக்கு" என்றார் கணவர், பால்கனிக் கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டு.

"குடிச்சா நேரா மேலதான்."

"அதுக்குத்தான் நான் இங்கயே நிக்கிறேன்."

அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தாளில் எழுதினாள். காய்ந்ததும் எழுத்தைக் காணோம். இஸ்திரிப் பெட்டியைத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒன்றுமில்லாத தாளில் நீலமாக எழுத்து எழுந்து வந்தது. வாயால் ஊதினாள், மூச்சின் ஈரம் பட்டு எழுத்து மறுபடி மறைந்தது. கணவர் இப்போது கதவைத் தாண்டி வந்துவிட்டிருந்தார். "இன்னொரு தடவை ஊது" என்றார். பிறகு, "தள்ளு, நான் ஊதுறேன்" என்றார்.

ஆனால் அவளைக் கட்டிப்போட்டது வேறொன்று. கரைசலை வெயிலில் வற்றவைத்து எடுத்த சிவப்புப் படிகத்தை, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் போட்டுப் பார்த்தாள். மை நீலம். அதில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நீலம் ஊதாவாகி, ஊதா ரோஜாவாகியது. ரோஜாவான அந்தச் சொட்டோடு நிறுத்தி, சின்னச் சின்னச் சீசாக்களில் ஊற்றி இறுக மூடி, ஒன்றை வெந்நீர் நிறைந்த கிண்ணத்துக்குள் இறக்கினாள். ரோஜா மறுபடி நீலமாகியது. எடுத்து ஆறவைத்தாள். ரோஜா. மறுபடி வெந்நீர். நீலம்.

"உள்ள என்னதான் நடக்குது?" என்றார் கணவர்.

"கோபால்ட்டைச் சுத்தித் தண்ணி உக்காந்திருந்தா ரோஸ். சூடு ஏறினா தண்ணி எழுந்துபோகுது, குளோரைடு வந்து உக்காந்துக்குது. அப்ப நீலம். ஆறிடுச்சுன்னா பழையபடி தண்ணி வந்து இடத்தைப் பிடிச்சுக்குது."

"அட, ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுற கதைதான். தினமும் பாக்குறேன்."

பக்கத்து வீட்டில் குடியிருந்தவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். மாடிப்படி, லிப்ட், தண்ணீர்த் தொட்டி என்று எங்கே திரும்பினாலும் அவருடைய கையெழுத்தோடு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும் என்பதால் எல்லாருக்கும் அவர் நோட்டீஸ் மாமா. அவருடைய மனைவி, மகளின் பிரசவத்துக்காக மகள் வீட்டுக்குப் போய்ச் சில மாதங்களாகியிருந்தன. அவருக்குக் காதுக் கருவி பொருத்தியது துருவியின் கடையில்தான். "பாத்திரச் சத்தம் காதைக் கிழிக்குதும்மா" என்று ஒருமுறை வந்து நின்றார். கீச்சுச் சத்தங்களைக் குறைத்துவைத்து அனுப்பினாள். அப்படியும் வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார்.

ஆசிட் நெடி அடுத்த பால்கனிக்குப் போயிருக்க வேண்டும். மறுநாளே லிப்டுக்குப் பக்கத்தில் நோட்டீஸ். "குடியிருப்போர் கவனத்துக்கு. வீடுகளில் நெடியுள்ள ரசாயனப் பொருட்களைக் கையாள்வதும், பிராணிகள், பறவைகள் ஆகியவற்றை வளர்ப்பதும் கண்டிப்பாகத் தடைசெய்யப்படுகிறது."

"ரசாயனம் சரி. நடுவுல பிராணி எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் துருவி.

"ஒரு நோட்டீஸ் செலவுல ரெண்டு வேலைய முடிச்சிருப்பாரு" என்றார் கணவர்.

வேறு வழியில்லாமல் அவள் எல்லாவற்றையும் ஏறக்கட்டி, சின்ன அறையின் சுவர் அலமாரியில் அடுக்கினாள். ரோஜா நிறத்தில் நின்ற சீசாக்களை மட்டும் மேல்தட்டில் வரிசையாக வைத்தாள். எல்லாம் ஒரே நாளில், ஒரே பாத்திரத்தில் கலந்து ஊற்றியவை. எந்தச் சந்தேகமும் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது, வரிசையில் ஒரு சீசா மட்டும் நீலமாக நின்றது.

முதலில், மூடி சரியாக இல்லை என்று நினைத்தாள். திருகிப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல ஊதாவாகி, ரோஜாவாகிவிட்டது. அதை அலமாரியின் வலது ஓரத்தில் வைத்துவிட்டு, வலது ஓரத்தில் இருந்ததை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால், புதிதாக வைத்தது நீலம். பழையது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ரோஜாவாகவே நின்றது.

சீசாவில் இல்லை விஷயம். இடத்தில் இருக்கிறது.

சீசாக்களை எல்லாம் இறக்கிவிட்டு, கையை உள்ளே விட்டு அலமாரியின் முதுகுப் பலகையைத் தடவினாள். இடது மூலையில், ஒரு தட்டகலத்துக்கு, வெதுவெதுப்பாக இருந்தது.

கணவர் வேலை முடிந்து வந்ததும் இழுத்துக்கொண்டு போனாள். "கை வச்சுப் பாருங்க."

"வெயில் அடிச்சிருக்கும்."

"உள்சுவர்ல எப்படிங்க வெயில் அடிக்கும்?"

அவர் மறுபடி கை வைத்தார். முகம் மாறியது. "துருவி, இது விளையாட்டில்ல. உள்ள ஒயர் காயுது. வண்டியில இப்படி ஒரு வாசனை, ஒரு சூடு வந்தாலே நாங்க ஓரங்கட்டிருவோம்." சொன்ன கையோடு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, தெருமுனையில் கடை வைத்திருந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

எலக்ட்ரீஷியன் வந்தார். சீசாக்களைப் பார்த்துவிட்டு, "என்ன இது, சென்ட்டா?" என்றார். துருவி விளக்கினாள். அவர் பாதி புரிந்துகொண்டு, மீதியை ஏற்றுக்கொண்டு, டார்ச் அடித்து அலமாரியைக் குடைந்தார். தட்டிப் பார்த்தபோது பலகை வெற்றொலி கொடுத்தது. "இது சுவரே இல்லைங்க. முன்னாடி ரெண்டு வீடும் ஒரே வீடா இருந்திருக்கு. இங்க ஒரு கதவு. அதை எடுத்துட்டு, நடுவுல பலகையை அடிச்சு, இந்தப் பக்கம் ஒரு அலமாரி, அந்தப் பக்கம் ஒரு அலமாரி பண்ணிட்டாங்க. ஒயர் கியர் எதுவும் ஓடலை."

"மெயினை நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு? இன்னும் நீலமாத்தானே நிக்குது" என்றாள் துருவி, அந்த மூலையில் மறுபடி எடுத்துவைத்திருந்த சீசாவைக் காட்டி.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பலகையைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் நோட்டீஸ் மாமா வீடு.

மணியை அடித்து அடித்துப் பார்த்து, கடைசியில் கதவைக் குத்தினார்கள். கதவு ஒரு முகம் தெரியுமளவுக்கு மட்டும் திறந்தது. காதில் கருவி இல்லை.

"மாமா, உங்க அலமாரி சூடாகுது!" என்றார் கணவர்.

"சம்பளமா? யாருக்கு?"

"அலமாரி! சூடு!" என்று எலக்ட்ரீஷியன் கத்திய கத்தலில் மேல்மாடியில் ஒரு கதவு திறந்து மூடியது.

"அப்படி எதுவும் இல்ல. போங்க, போங்க" என்று மாமா கதவைச் சாத்தப் பார்த்தார். கணவர் காலைக் கொடுத்துத் தடுத்தார். எலக்ட்ரீஷியனுக்குப் பொறுமை போய்விட்டது. "பெரியவரே, தீப்பிடிச்சா மாடி மொத்தமும் போயிரும். நீங்க உள்ள விடலைன்னா கீழ போயி உங்க வீட்டு லைனைப் பிடுங்கிட்டுப் போயிட்டே இருப்பேன்!"

அது மட்டும் மாமாவுக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது.

"ஐயையோ, கரண்டை நிறுத்தாதய்யா! செத்துரும்!"

"எது சாகும்?" என்றாள் துருவி.

நோட்டீஸ் மாமா அவளைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், பிறகு கதவை முழுவதுமாகத் திறந்து மூவரையும் உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார்.

அலமாரிக்குள், மடித்துவைத்த வேட்டிகளுக்குப் பின்னால், மீன் வைத்து அனுப்புகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்று பலகையோடு ஒட்டி இருந்தது. மூடியில் வெட்டி வைத்த கண்ணாடி. உள்ளே ஒரு பல்பு, சூடு மிஞ்சினால் தானே அணைகிற ஒரு பொத்தான், ஒரு வெப்பமானி. வைக்கோல்மேல் வரிசையாக முட்டைகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம்.

"வாத்து" என்றார் மாமா, ரொம்பத் தாழ்ந்த குரலில். அவருக்கே கேட்டிருக்காது.

எலக்ட்ரீஷியன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துருவி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மாமா, அந்தக் குறி எதுக்கு?" என்றாள்.

மாமா மேசையிலிருந்த கருவியைத் தேடிக் காதில் மாட்டிக்கொண்டார். "ஒரே பக்கமா வச்சா உள்ள கரு ஒட்டிக்கும். வேளாவேளைக்குத் திருப்பிவைக்கணும். எது திருப்பினது, எது திருப்பாததுன்னு தெரியறதுக்குக் குறி." பிறகு, கேட்காமலேயே கதை வந்தது. சாப்பிடத்தான் வாங்கினாராம். ஒரு முட்டையைப் பிரிட்ஜுக்குப் பின்னால், சூடு அடிக்கிற இடத்தில் மறந்துவிட்டார். பல நாள் கழித்துக் கிடைத்தது. கெட்டுப்போயிருக்கும் என்று டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே சிவப்பு நரம்பு, சிலந்திவலை மாதிரி. நடுவில் ஒரு புள்ளி துடித்தது.

"துடிச்சதும்மா. கையில ஒரு முட்டை, அதுக்குள்ள ஒண்ணு துடிக்குது. அதை எப்படிம்மா தூக்கிப் போடுறது?"

"போட முடியாது" என்றாள் துருவி, உடனே.

அந்த முட்டை பிழைக்கவில்லை. பிறகு பெட்டி செய்தார். முதல் தடவை வைத்ததும் தப்பவில்லை, இரண்டாவது தடவை வைத்ததும் தப்பவில்லை. கரு முழுசாக வளர்ந்து, அலகால் ஓட்டைக் கொத்தித் துளை போட்டுவிட்டு, அதற்குமேல் வரமுடியாமல் உள்ளேயே அடங்கிப்போயின. இது மூன்றாவது. ஒரு பழைய முட்டையோட்டைச் சின்ன டப்பாவில் வைத்திருந்தார். அதன் உள்சவ்வைத் துருவி நகத்தால் தொட்டாள். காய்ந்த தாள் மாதிரி மொடமொடவென்று இருந்தது.

"சூட்டுல குறையில்லைம்மா. மானி சரியாக் காட்டுது."

"சூடு சரி மாமா. ஈரம்?"

"கிண்ணத்துல தண்ணி வச்சிருக்கேனே."

துருவி எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்த கணவர், "போச்சு, கிளம்பிட்டா" என்றார். எலக்ட்ரீஷியன் தன் பையை எடுத்துக்கொண்டு, "நான் ஒயரைத்தாங்க பாப்பேன். வாத்து, கோழி எல்லாம் என் கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது பல்புக்குப் போயிருந்த ஒயரை மட்டும் நல்லதாக மாற்றிவிட்டுத்தான் போனார்.

வீட்டுக்கு வந்தவள் காப்பி வடிகட்டும் தாளைக் கோபால்ட் கரைசலில் நனைத்து, இஸ்திரிப் பெட்டியருகே காயவைத்து, நீலமானதும் நறுக்கினாள். நறுக்கிய துண்டுகளைக் கொசுவலைத் துணியில் தனித்தனியாகச் சுற்றித் தைத்தாள். நாளைக்கே குஞ்சு வந்தாலும் அலகு படக்கூடாது. பெட்டி மூடியின் உட்பக்கத்தில் நான்கு மூலைக்கும் நடுவுக்குமாகக் குத்திவைத்தாள். தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே இருந்த துண்டு லேசாக ஊதா காட்டியது. மற்றவை அசையாத நீலம்.

"காஞ்சு கிடக்கு மாமா. கிண்ணம் கிணறு மாதிரி ஆழம், வாய் சின்னது. தண்ணி மேல வரவே வழியில்ல."

"சரி, இந்தத் தாள் எந்த நிறத்துல நின்னா சரி?"

நியாயமான கேள்வி. அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் அதையே மென்றுகொண்டிருந்தாள். குஞ்சு வெளிவரும் கடைசி நாட்களில் காற்று தாங்குகிற ஈரத்தில் முக்கால் பங்கு இருந்தால் நல்லது என்று ஒரு கையேட்டில் படித்தாள். முக்கால் பங்கு ஈரத்துக்கு எங்கே போவது? கடைசியில் அடுப்படியில் உப்பு டப்பாவைப் பார்த்தபோது சிரித்துவிட்டாள். கரைந்தது போக அடியில் உப்பு தங்கி நிற்கிற அளவுக்குத் தண்ணீரில் உப்பைக் கொட்டி, சீசாவில் மூடிவைத்தால், மேலே இருக்கிற காற்றில் எப்போதும் ஏறக்குறைய முக்கால் பங்கு ஈரம்தான் நிற்கும் என்று எங்கோ படித்திருந்தாள். அந்தச் சீசாவுக்குள் ஒரு தாளைத் தொங்கவிட்டால், அது காட்டுகிற நிறம்தான் அளவு.

சீசாவைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள்.

"வெளியவே வச்சுப் பாக்கலாமே, முட்டைக்கு இடைஞ்சலா எதுக்கு?" என்றார் மாமா.

"சூட்டுக்கும் இது நிறம் மாறும் மாமா. அதனாலதானே நீங்க மாட்டுனீங்க. ரெண்டு தாளும் ஒரே சூட்டுல இருந்தாத்தான் கணக்கு நேரா வரும்."

மாமா சீசாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, "ரசாயனம் நெடி இல்லாமலும் இருக்குமோ?" என்றார்.

"ஆசிட்டுக்கு மட்டுந்தான் நெடி. அது தப்புத்தான். மொட்டை மாடியில வச்சுப் பண்ணியிருக்கணும்."

முதலில் தாள்கள் ஊதாவாக நிற்கிற அளவுக்கு மட்டும் ஈரம் வைத்தார்கள். கடைசி நாட்கள் நெருங்க நெருங்க ஏற்றினார்கள். ஆழக் கிண்ணத்தை எடுத்துவிட்டு அகலத் தட்டு வந்தது. தட்டின் ஓரத்தில் ஈரத்துணி தொங்கியது. காற்றுத் துளைகளில் இரண்டை மாமா நாடாவால் ஒட்டினார். மூலைத் தாள்கள் நீலத்திலிருந்து ஊதாவுக்கும், ஊதாவிலிருந்து வெளிறிய ரோஜாவுக்கும் இறங்கி, சீசாவுக்குள் இருந்த தாளின் நிறத்தை எட்டிப்பிடித்தன. வேலைக்குப் போகும்முன் துருவி ஒருமுறை வந்து பார்ப்பாள். கணவர், ஷிப்டு முடிந்து வந்ததும் சீருடையோடே அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். "அஞ்சாம் நம்பர் வண்டி என்ன சொல்லுது?" என்று முட்டைகளைக் கேட்பார். மாமாவும் அவரும் தேநீர் குடித்துக்கொண்டே கார்டுக்கும் ஓட்டுநருக்கும் யார் பெரியவர் என்று தர்க்கம் பண்ணுவார்கள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், சின்ன அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த துருவிக்கு அலமாரிக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. துருப்பிடித்த கீல் மாதிரி, கீச் கீச்சென்று. பலகையில் காதை வைத்தாள். மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

மாமா ஹாலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா! வந்துடுச்சு! கத்துது!"

"என்னம்மா?"

அவரை அலமாரிக்கு இழுத்துப் போனாள். கண்ணாடி வழியே பார்த்தால், ஒரு முட்டையின் மண்டை தொப்பி மாதிரி கழன்று, ஈரமாக, கோரமாக, கண்ணை மூடிக்கொண்டு ஒன்று வெளியே சரிந்துகிடந்தது. பக்கத்து முட்டையில் துளைக்குள் அலகு அசைந்தது. சவ்வு ஈரமாக, நெகிழ்ந்து, கிழிபடத் தயாராக இருந்தது.

மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு காதைப் பெட்டியிடம் கொண்டுபோனார். நிமிர்ந்தார். "வாயைத் திறக்குது. ஆனா சத்தமே இல்லையே. ஊமையாப் பொறந்துடுச்சா?"

துருவிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "கழற்றிக் குடுங்க மாமா." வீட்டுக்கு ஓடிச் சின்னத் திருப்புளியோடு வந்தாள். ஓரத்தில் இருந்த திருகை, தான் குறைத்துவைத்த அளவுக்கும் மேலாக ஏற்றி, அவர் காதில் அவளே மாட்டிவிட்டாள்.

மாமா அப்படியே நின்றார். பெட்டியைப் பார்க்கவில்லை, எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு மெல்லத் திறந்தது.

"இதா?"

"அதேதான் மாமா."

"என்னமா கூப்பிடுது பாரு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி கேட்டார். வாழ்நாளெல்லாம் விசில் ஊதிய மனிதர், ஒரு விரற்கடை உயிர் போடுகிற சத்தத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் துருவி தண்ணீர்த் தட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் முகத்தில் வேறொரு கலவரம் பரவியது. "ஏம்மா, இவ்வளவு சத்தமா கத்துது? வெளிய கேக்குமே!"

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலத்துக்குள் ஐந்து குஞ்சு. மறுநாள் அவை நடக்கவும் சண்டை போடவும் கற்றுக்கொண்டன. கீழ்வீட்டு அக்கா, "லிப்ட்ல ஏதோ கீச்சுகீச்சுங்குது, எண்ணெய் போடச் சொல்லுங்க" என்று செயலாளரிடமே புகார் கொடுக்க வந்தாள். வந்தவளின் காலுக்கு நடுவில் ஒரு குஞ்சு புகுந்து வாசலுக்கு ஓடியது.

அடுத்த நாள் லிப்டுக்குப் பக்கத்தில் புது நோட்டீஸ். "குடியிருப்போர் கவனத்துக்கு. செயலாளர் வீட்டில் விதிகளுக்கு மாறாக வாத்துக் குஞ்சுகள் ஐந்து இருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. செயலாளர் கடுமையாக எச்சரிக்கப்படுகிறார். இறகு முளைத்ததும் அவை அப்புறப்படுத்தப்படும். அதுவரை பார்க்க விரும்புகிறவர்கள் மாலையில் வரலாம். கையொப்பம், செயலாளர்."

வராத வீடு இல்லை. கீழ்வீட்டு அக்கா தினமும் வந்தாள். இறகு முளைத்ததும் எலக்ட்ரீஷியன் தன் மாமனார் வீட்டுக் குளத்துக்கு அவற்றைக் கூடையில் எடுத்துப் போனார். ஊர்போய்ச் சேர்ந்ததும் மாமாவுக்குப் போன் பண்ணி, கூடையைத் திறந்த மறுநொடியே அத்தனையும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதாகச் சொன்னார். "யாரும் சொல்லிக்குடுக்கலை பாத்தியா" என்று மாமா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி திரும்பி வந்து, வேட்டிகளில் ஏன் வைக்கோல் ஒட்டியிருக்கிறது என்று கேட்டபோது கொஞ்சம் திணறினாராம். அது அவர்கள் வீட்டு விஷயம்.

சங்கக் கூட்டத்தில், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ப்புறம், காற்று நன்றாக அடிக்கிற ஒரு மூலையைத் துருவிக்கு ஒதுக்கினார்கள். தீர்மானத்தை எழுதியது செயலாளர்தான். பழைய மேசை ஒன்றையும் அவரே தூக்கிவந்து போட்டார்.

அங்கே ஒரு மாலையில், துருவி புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தாள். கேக் செய்கிறவர்கள் வாங்கும் டார்ட்டர் பொடியையும் சலவைச் சோடாவையும் கலந்து தயாரித்த உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து, காயத்துக்குப் போடுகிற பெராக்சைடை ஊற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோபால்ட் கரைசலைக் கொஞ்சம் விட்டாள். ரோஜா. கணவரும் மாமாவும் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்கள்.

ரோஜா மங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைப் பச்சையாகியது. மறுகணம் கிண்ணம் பொங்கியது. நுரை விளிம்பைத் தாண்டித் தட்டில் வழிந்தது. மாமா ஓரடி பின்வாங்கினார். நுரை அடங்கியது. பச்சை வெளுத்து, வெளுத்து, போனது. கிண்ணத்தில் பழைய ரோஜாவே நின்றது.

"அந்தப் பச்சை எங்கம்மா போச்சு?" என்றார் மாமா.

"நடுவுல வந்து, உப்பையும் பெராக்சைடையும் சேத்துவிட்டுட்டுப் போயிடுச்சு மாமா. கோபால்ட் அப்படியேதான் இருக்கு."

"ஆனா ஏன் பச்சை? நீலம் இருக்கு, ரோஸ் இருக்கு. பச்சை எதுக்கு?"

துருவி கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தாள். கணவர் மாமாவின் தோளில் கைவைத்து, "மாமா, கேக்காதீங்க. இன்னைக்கு வீட்ல சோறு கிடைக்காது" என்றார்.

"தெரியலையே மாமா" என்றாள் அவள், பெராக்சைடு பாட்டிலைத் தேடிக்கொண்டே. "இருங்க, இந்தத் தடவை சுடுதண்ணி வேணாம். மெதுவா வருதான்னு பாப்போம்."